நாலில் ஒன்று

மெண்டல் பாதிரியார் பட்டாணி எண்ணிய கதை படிக்கச் சுலபம்தான். 1865-ல் அவர் சொன்ன கணக்கு: 5,474 விதை உருண்டை, 1,850 சுருங்கல். ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. நாலு விதை எடுத்தால் ஒன்று கட்டாயம் சுருங்கியிருக்கும் என்று மாணவன் எழுதுகிறான். மார்க்கு போவதோடு சரி.

பெற்றோர் அப்படி நினைத்தால்? தாய் தந்தை இருவரிடமும் தலசீமியா மரபணு மறைந்திருக்கிறது. தலைப்பிள்ளைக்கு நோய் வந்துவிட்டது. நாலில் ஒன்று என்கிறார் டாக்டர். "அந்த ஒன்றுதான் வந்தாகிவிட்டதே, இனி மூன்றும் சுகம்" என்கிறாள் பாட்டி. அவளை நான் குறை சொல்லமாட்டேன். ரேஷன் கடையில் பங்கு அப்படித்தானே தீர்கிறது!

கருவில் பங்கீடு கிடையாது. தாயிடம் அந்த மரபணுவுக்கு இரண்டு பிரதி. ஒன்று நல்லது, ஒன்று பழுது. கருமுட்டைக்குப் போவது ஒன்றுதான். எது என்பதற்கு ஒவ்வொரு தடவையும் தாயக்கட்டை புதிதாக உருள்கிறது. தந்தையிடமும் அப்படியே. இரண்டாவது பிள்ளைக்கும் அதே நாலில் ஒன்று. ஐந்தாவதுக்கும்.