காதுக்குள் அடைபடும் காற்று

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டின் மாலைக் கூட்டத்தில் நுழைந்து போனால், மாடிப்படிக்கு அடியில் ஒடுங்கிய ஒரு சர்வீஸ் கடை. கடைக்காரர் பழுதான இயர்போன் ஒன்றைப் பிளந்து பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்திருந்தார். எட்டிப் பார்த்ததும், "உள்ள வாங்க சார்" என்று ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.

உள்ளே வட்டமாக டிரைவர். மேலே மெல்லிய பிளாஸ்டிக் சவ்வு, அதன் அடியில் செம்புக் கம்பிச் சுருள், அதற்கும் கீழே காந்தம். சுருளில் மின்சாரம் ஏறி இறங்க, சவ்வு அசைந்து காற்றைத் தள்ளுகிறது. அட்டைப் பெட்டியில் '10 மி.மீ.', '14 மி.மீ.' என்று கொட்டை எழுத்தில் போடுவது இந்த வட்டத்தின் அளவைத்தான். வாங்க வருகிறவர்களும் அதைத்தான் கேட்கிறார்கள். ஆனால் வட்டத்தைச் சுற்றி அடைபட்டிருக்கும் காற்றைச் சரியாக அமைக்காவிட்டால் எவ்வளவு பெரிய டிரைவரும் வீண்தான்.

நல்ல நிலையில் இருந்த இன்னொரு இயர்போனில் சின்ன ரப்பரைப் போட்டு என்னிடம் கொடுத்தார். கைபேசியில் மிருதங்கத் தனி ஆவர்த்தனம் ஒன்றை ஓடவிட்டேன். வலந்தலைச் சொற்கள் கணீரென்று விழுந்தன. இடப்பக்கத் தொப்பியின் தாழ்ந்த கும்கி நாதம் மட்டும் காணவில்லை. ரப்பரைப் பெரிதாக மாற்றியதும் அதே பதிவில் கும்கி இழைந்து வந்தது. காதுக்கும் ரப்பருக்கும் நடுவே மயிரிழை இடுக்கு இருந்தாலும் தாழ்ந்த ஒலியின் அழுத்தம் அதன் வழியே கசிந்துவிடும். மூன்று அளவு ரப்பர்கள் பெட்டியிலேயே வருகின்றன. பலர் அவற்றைத் தொடுவதுகூட இல்லை என்பது எனக்கு நிஜமாகவே வருத்தம்.

அதே இயர்போன் கூட்டின் பின்புறத்தில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை. அதில் செலோ டேப் துண்டை ஒட்டினார். கும்கி மறுபடி வற்றியது. போக்கிடம் இல்லாத காற்று ஸ்பிரிங் போலச் சவ்வை எதிர்த்துத் தள்ளுகிறது.

இன்னொரு சங்கதியும் உண்டு. நம் காதுத் துவாரம் சுமார் 25 மி.மீ. நீளம். திறந்திருக்கும்போது 3,000 ஹெர்ட்ஸ் அளவிலான ஒலியை அது தானாகவே எடுத்துக்கொடுக்கும். பேச்சின் தெளிவுக்கு வேண்டிய பகுதி அது. இயர்போனைச் சொருகினால் அந்த உதவி போய்விடும். இழந்ததைத் திருப்பித் தருகிற மாதிரி டிரைவரையும் முனைக்குழாயையும் அதன் வாயை மூடும் வலையையும் அமைப்பதில்தான் வடிவமைப்பாளரின் திறமை தெரிகிறது.

"ஒரு பக்கம் சத்தம் கம்மின்னு கொண்டு வருவாங்க சார். பல நேரம் வலைய மாத்தினாலே சரியாப் போயிடும்" என்று காட்டினார். காதழுக்கு படிந்து கண்கள் அடைபட்ட வலை.

என் இடது காதுக்கு நடுத்தர ரப்பர் பொருந்தியது, வலதுக்குப் பெரியது. "ரெண்டு காதும் ஒரே சைஸா இருக்கணும்னு இல்ல, அப்படியே போடுங்க" என்றார்.