உப்புக்காற்றும் நாலு மோட்டார் சைக்கிளும்

கல்லடியில் இரும்பைக் காப்பாற்றுவது லேசான காரியமில்லை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. அங்கே நாலு பழைய மோட்டார் சைக்கிள்களை ஓட்டத்தில் வைத்திருக்கும் பெரியவர் ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன். "வாங்க மனே, பார்த்து வாங்க, ஒயில் சிந்திக் கிடக்கு" என்றார்.

மூத்தது பிஎஸ்ஏ பான்டம். 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்த இந்த 123 சிசி வண்டிக்குப் பூர்வீகம் ஜேர்மனி. போர் இழப்பீடாகக் கிடைத்த டிகேடபிள்யூ ஆர்டி 125இன் வரைபடத்தை வைத்துச் செய்தது. பெரியவரின் தகப்பனார் போடியார். மண்முனைத் துறையில் பாதைப் படகில் ஏற்றி, படுவான்கரை வயல் வட்டைக்கு அவர் கொண்டுபோன வண்டி அது. மற்றவை ஹொண்டாக்கள்: ஒரு கப் 50, ஜப்பான் தபால்காரருக்கென்று 1971இல் வந்த எம்டி 90, ஒரு சிடி 200.

அன்று பான்டத்துக்குப் பொயின்ட் வைத்துக்கொண்டிருந்தார். இரண்டு சின்ன முனைகளுக்கிடையில் சிகரட் தாளின் ஒரு கீற்று. மக்னட்டைக் கையால் மெல்லச் சுற்றுகிறார். தாள் இறுகி நிற்கிறது. இன்னும் ஒரு மயிரிழை சுற்ற, வழுகிக் கையோடு வருகிறது. முனைகள் பிரியும் அந்த இடத்தில்தான் பிளக்கில் நெருப்புப் பிறக்கும். மூன்று தரம் பார்த்த பிறகே திருகாணியை இறுக்கினார். அந்த விரல்களை விட்டு என் கண் அகலவில்லை.

2004 டிசம்பர் 26இல் கடல் இந்த வளவுக்குள்ளும் வந்தது. வீட்டார் உயிர் தப்பியதே பெரிது. வண்டிகள் வேலியடி மண்ணில் புதைந்து கிடந்தன. உப்புத்தண்ணீர் குடித்த எஞ்சினில் காற்றுப்பட்டால் கறள் விறுவிறென்று ஏறும். பெரியவரும் மகனும் பிளக்கைக் கழற்றி, நல்ல தண்ணீரால் அலசி, மண்ணெண்ணெய் ஊற்றி, நாள்தோறும் கையால் சுற்றினார்களாம். பான்டத்துக்குப் பெயரிங் போனது, கிராங் தப்பியது.

மண்ணெண்ணெய் அவர்களுக்குப் பழக்கமானதுதான். போர்க்காலத்தில் பெற்றோல் தட்டுப்பாடான நாட்களில் ஹேண்டிலில் சேலைன் போத்தல் தொங்கும். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. அதனால் போத்தல் பெற்றோலில் உதைத்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். 2022இன் பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூஆர் அட்டைக்குக் கிழமைக்கு நாலு லீற்றர் என்றானபோதும் நாலு வண்டியையும் முறை வைத்து ஓட்டியிருக்கிறார்.

"நிப்பாட்டி வைச்சாத்தான் மனே கறள் பிடிக்கும்."

வருசா வருசம் கொக்கட்டிச்சோலைத் தேருக்குக் குடும்பமே இவற்றில்தான் போகும். 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு பாதைக்குக் காத்து நிற்கும் வேலை இல்லை. மகளுக்குக் கப். கிளச் பிடி இல்லாததால் சேலையோடும் சுகமாக ஓட்டுவாராம். பேத்திக்கோ பான்டத்தில்தான் கண். அதில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். ஹொண்டாவில் பழகிய கால் தடுமாறும்.

பொயின்ட் மூடியைப் பூட்டியதும் பேத்தியைக் கூப்பிட்டார். நாலாவது உதைக்கு வண்டி பிடித்தது. நீலப் புகை பத்தி முழுக்கப் பரவ, "வலது கால், வலது கால்" என்று சொல்லிக்கொண்டே பெரியவர் கூடவே ஓடினார்.