பாவு நீட்டிய தெருக்கள்

சேலம் அம்மாப்பேட்டையில் அப்போதெல்லாம் விடியும்போதே தெரு நெசவாளர்கள் கைக்குப் போய்விடும். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, தறிக்கான நீள இழைகளான பாவை இழுத்துக் கட்டி, கஞ்சி தோய்த்து, இருபுறமும் ஆள் நின்று நீளமான பிரஷால் நீவிக்கொண்டே போவார்கள். அறுந்த இழையை விரலால் முடிந்தபடியே பெரியவர் ஒருவர் குரல் கொடுப்பார்: "கண்ணு, பாவுல கை படாம சந்து வழியாப் போயிரு."

போய்விடலாம். எந்தத் தெரு அடைபட்டாலும் அடுத்த தெருவுக்கு ஒரு சந்து இருந்தது. பாவு நீட்ட நேரான தெரு, ஆள் புழங்கக் குறுக்குச் சந்து. நூல் கடை, சாயப்பட்டறை, பள்ளிக்கூடம் எல்லாமே நடை தூரம். ஆடித் திருவிழாவில் அலங்கார வண்டிகள் ஊர்வலமாகப் போகும் வண்டி வேடிக்கை வரும்போது சந்து சந்தாகப் புகுந்து ஓடி, அதே வண்டியை அடுத்த முக்கில் மறுபடி பார்ப்போம்.

1994-ல் சேலம் மாநகராட்சியானது. 1997-ல் நாமக்கல் தனி மாவட்டமானது. இரண்டு ஊரைச் சுற்றியும் சோளக்காடும் கடலைக்காடும் சைட்டுகளாயின. ஒவ்வொரு காட்டுக்காரரும் தம் காட்டுக்கு மட்டும் ரோடு போட்டார். அது பக்கத்துக் காட்டு வரப்பில் முட்டி நின்றது. பிறகு அந்தக் காடும் சைட்டானது, ஆனால் அதன் வாசல் வேறு திசையில். நடுவே காம்பவுண்டு சுவர். சுவருக்கு அப்பால் மளிகைக்கடை கண்ணில் படும். போக வேண்டுமென்றால் மெயின் ரோட்டுக்கு இறங்கிச் சுற்றி வர வேண்டும். கால்நடையாகப் போனவர்கள் பைக் எடுக்கிறார்கள்.

எல்லோரும் மெயின் ரோட்டுக்கே வந்தால் நெரிசல் எங்கே போகும்? சேலத்தில் 2020 ஜூனில் முழுமையாகத் திறக்கப்பட்ட ஐந்து ரோடு ஈரடுக்கு மேம்பாலம் ஏறக்குறைய 8 கிலோமீட்டர் நீளம், செலவு 441 கோடி ரூபாய். நெரிசலுக்கு அது தேவைதான். ஆனால் வீட்டிலிருந்து பின்தெருக் கடைக்குப் போகிற வழியை எந்த மேம்பாலமும் தராது.

உலகம் முழுதும் தெருக்களை அளந்து அதே 2020-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, 1975-க்குப் பின் பல நாடுகளில் முட்டுச்சந்துகள் பெருகியதைக் காட்டியது. ஒருமுறை போட்ட தெருவை மாற்றுவது அரிது என்பதுதான் அதில் என்னை உறுத்தியது. வீட்டை இடித்துக் கட்டலாம், தெருவை அப்படிச் செய்ய முடிவதில்லை.

மனைப்பிரிவுக்கு அனுமதி தருகிற அதிகாரிகள், ரோடு அடுத்த காட்டிலும் தொடர வழிவிடச் சொல்ல வேண்டும். சைட் பார்க்கப் போகிறவர்களே, பட்டாவும் தண்ணீரும் விசாரிப்பதோடு, இந்த ரோடு எங்கே போய்ச் சேருகிறது என்றும் கேளுங்கள்.