சந்நிதியிலிருந்து கதிர்காமம் வரை: ஓய்வுபெற்ற இருவரின் வழிநடை

அமெரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்றவர்கள் சிலர், கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளே பொருத்திய பெரிய வாகனமொன்றை வாங்கிக்கொண்டு மாதக்கணக்கில் ஊர் ஊராகத் திரிவார்கள் என்று புலம்பெயர்ந்த உறவினர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். வீடே சில்லில் ஓடுகிறது. எங்கள் தெருக்களில் அப்படியொரு வாகனத்தை நான் கண்டதில்லை. ஆனால் வயதான கணவனும் மனைவியும் வீட்டைப் பூட்டிவிட்டு ஒன்றரை மாதத்துக்கும் மேலாக வழியிலேயே வாழ்ந்துவிட்டு வரும் வழக்கம் எங்களிடம் மோட்டார் வாகனங்கள் வருவதற்கு முன்பிருந்தே உண்டு. அதுதான் கதிர்காமப் பாதயாத்திரை.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இந்த நடை தொடங்கும் இடம் தொண்டைமானாறு செல்வச்சந்நிதி முருகன் கோயில். ஒரு பக்கம் தொண்டைமானாற்று நீரேரி, கூப்பிடு தூரத்தில் கடல், சுற்றிவர மடங்கள். எந்த நாளில் போனாலும் ஏதாவது ஒரு மடத்தில் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும். அதனால்தான் இந்த முருகனை அன்னதானக் கந்தன் என்கிறார்கள். கோயிலை உண்டாக்கிய மருதர் கதிர்காமர் மீன்பிடித் தொழில் செய்தவர். அவருக்கு முருகனே கதிர்காமத்துப் பூசை முறையைக் காட்டிக்கொடுத்தார் என்பது ஐதீகம். இன்றும் பூசகர் வெள்ளைத் துணியால் வாயைக் கட்டிக்கொண்டே பூசை செய்கிறார். சின்னக் கதிர்காமம் என்ற பெயரும் இதனால் வந்ததே.

அந்தக் காலத்தில் இங்கிருந்து கரையோரமாக நடந்து முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில், உகந்தை என்று போய், காட்டைக் கடந்து கதிர்காமத்தை அடைந்தார்கள். 1983க்குப் பின்னர் போர் இந்தப் பாதையை அறுத்தது. 1988இல் பற்றிக் ஹரிகன் என்ற அமெரிக்கப் பக்தரும் வேறு சிலரும் கிழக்கில் இதற்கு மீண்டும் உயிர் கொடுத்தனர். போர் முடிந்த பின்னர் சந்நிதியிலிருந்தும் வேல் தாங்கிய குழுக்கள் புறப்படுகின்றன.

எமது மாதர் குழுக் கூட்டத்தில், துணைவரை இழந்த மூன்று அக்காமார், "நாங்களும் போகலாமோ?" என்று கேட்டனர். எனக்குப் பதில் தெரியவில்லை. ஆகவே 2024ஆம் ஆண்டு நடையில் சிறிய குழுவொன்றுடன் ஆனையிறவு வரை 4 நாட்கள் கூடவே நடந்தேன். அந்தக் குழுவில் 68 வயது மாஸ்ரரும் 64 வயது ரீச்சரும் இருந்தனர். இருவரும் அரச பாடசாலைகளில் படிப்பித்து ஓய்வுபெற்றவர்கள். மாஸ்ரருக்குச் சீனி வருத்தம், ரீச்சருக்குப் பிறஷர். இது அவர்களின் இரண்டாவது நடை. கீழே எழுதுவதில் பெரும்பகுதி அவர்களிடம் கேட்டறிந்தது.

முதலில் பை. எல்லோரும் சறுக்கும் இடம் இதுதான். ரீச்சரின் தோள் பையில் இருந்தவை: இரண்டு பருத்திச் சீலை, இரண்டு சட்டை, ஒரு துவாய், ஒரு போர்வை, மெல்லிய பிளாஸ்ரிக் பாய், சில்வர் கோப்பையும் பேணியும், சவர்க்காரத் துண்டு, ரோச் லைற், ஊசி நூல், கொடி கட்டுவதற்குக் கயிறு. நுளம்பு வலை இருவருக்கும் ஒன்று. அது மாஸ்ரரின் பையில். "தூக்கிப் பார்த்து, கொண்டு போகலாம் எண்டு நினைச்சால் அதில பாதியை வெளியில எடுத்து வையும். அதுதான் கணக்கு" என்றார் ரீச்சர். இவ்வளவு துல்லியமாகப் பை கட்ட எங்கே பழகினீர்கள் என்று கேட்டேன். "வேற எங்க? 95இல வலிகாமத்தால வெளிக்கிடேக்க ஒருக்கா, வன்னிக்குள்ள ஏழெட்டுத் தரம்" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு அவர் தூக்கிய பையில் காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்கள், கலியாணப் பட அல்பம் எல்லாம் இருந்தன. இந்த முறை அவை வீட்டு அலுமாரியிலேயே இருந்தன. அடையாள அட்டையும் கிளினிக் கொப்பியும் மட்டும் பொலித்தீன் உறைக்குள் போட்டு இடுப்பில். "திறப்பைச் செருகிக்கொண்டு நடக்கிறது வேற நடை, பிள்ளை."

வீட்டைப் பூட்டும்போது செய்தவற்றையும் கேட்டேன். கோழிகளும் நாயும் பக்கத்து வீட்டுப் பொறுப்பில். மின்கட்டணம் முன்கூட்டியே கட்டப்பட்டது. கிராம அலுவலருக்கும் சொல்லிவைத்தார்கள். ஓய்வூதியம் வங்கிக் கணக்கில் விழுவதால் அதைப் பற்றி யோசனை இல்லை. கையில் இரண்டு நாள் செலவுக்கு மட்டும் காசு. மிகுதியை முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு போன்ற இடங்களில் வங்கி அட்டையில் எடுத்தார்கள். உகந்தைக் காட்டுக்குள் போகுமுன் பொத்துவிலில் எடுத்துவிட வேண்டும்.

முதல் நாள் வல்வெட்டித்துறை, பருத்தித்துறை தாண்டி வல்லிபுர ஆழ்வார் கோயிலில் தங்கினோம். இரண்டாம் நாள் மணற்காடு. மணலில் நடப்பது தார் வீதியில் நடப்பதைப் போல இல்லை. குதிக்கால் புதையும், கெண்டைக்கால் இழுக்கும். மணற்குன்றுகளுக்கிடையே பாதி புதைந்து கிடக்கும் பழைய அந்தோனியார் தேவாலயத்தைப் பார்த்தபடியே நாகர்கோவில் பக்கம் போனோம். மூன்றாம் நாள் உடுத்துறை. 2004 டிசெம்பர் 26இல் கடல் இக்கரையோரக் கிராமங்களை அழித்தபோது இறந்தவர்களுக்கான நினைவாலயம் அங்கே உண்டு. குழுவினர் நின்று கற்பூரம் கொளுத்தினர். நான்காம் நாள் மருதங்கேணியிலிருந்து புதுக்காட்டுச் சந்திக்கு ஏறி, கண்டி வீதியால் இயக்கச்சி, ஆனையிறவு. நான் பஸ் ஏறினேன், அவர்கள் நடந்தார்கள்.

வழிநடையில் நாளாந்தம் என்பது ஏறத்தாழ ஒரே மாதிரித்தான். அதிகாலை 3 மணிக்கு எழும்புதல், 4 மணிக்கு நடை, வெயில் ஏறும் 9 மணிக்குள் ஏதாவது கோயிலையோ பாடசாலையையோ பிடித்துவிடுதல். குளிப்பு, உடுப்புத் தோய்த்தல், சாப்பாடு, நித்திரை. பின்னேரம் 4 மணிக்கு மறுபடி நடை, இருட்டுமுன் நிறுத்தம். மத்தியானத்தில் நடந்து காட்டுவது வீரம் என்று எண்ணிய இளந்தாரிகள் இருவர் இரண்டாம் நாளே ஜீவனி கரைத்துக் குடித்துக்கொண்டு படுத்திருந்தார்கள்.

கால் விடயத்தில் நான் கொஞ்சம் கடுமையாகவே எழுதப்போகிறேன். வெறுங்காலுடன் நடப்பது நேர்த்தி. ஆனால் சீனி வருத்தம் உள்ளவர் வெறுங்காலுடன் நடக்கவே கூடாது. காலில் உணர்ச்சி குறைந்திருக்கும். முள் ஏறியதும் தெரியாது, கொப்புளம் உடைந்ததும் தெரியாது. மாஸ்ரர் ஆறு மாதம் போட்டுப் பழகிய, பின்வார் உள்ள செருப்புடன் வந்தார். புதுச் செருப்பு வேண்டாம். யாரோ ஒரு சாமி அதைக் குறை சொல்ல, "முருகன் என்னைப் பார்ப்பானோ, செருப்பைப் பார்ப்பானோ?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். ஒவ்வொரு பின்னேரமும் ரீச்சர் அவருடைய பாதத்தை மடியில் வைத்து ரோச் அடித்து விரலிடுக்கு வரைக்கும் பார்த்தார். பிறகு அவர் ரீச்சரின் காலுக்குச் சித்தாலேப பூசினார். 40 வருடம் குடும்பம் நடத்தியதில் இப்படி ஒருவர் காலை ஒருவர் பார்த்தது இந்த நடையில்தான் என்றார் ரீச்சர்.

குளிசைகளுக்கு முன்னேற்பாடு வேண்டும். பயணத்தைச் சொல்லி கிளினிக் டொக்டரிடம் இரண்டு மாதத்துக்குக் குளிசையும் துண்டும் கேட்டு வாங்குங்கள். குறைந்தால் வழியில் உள்ள அரச ஆஸ்பத்திரிகளில் கொப்பியைக் காட்டலாம். சீனி வருத்தக்காரர் வெறும் வயிற்றில் குளிசையைப் போட்டுவிட்டு நடக்கக்கூடாது. கை நடுங்கி வியர்த்தால் உடனே வாயில் போட ரொபி வைத்திருக்க வேண்டும்.

சாப்பாட்டுக்குப் பயமில்லை. கோயில்களிலும் ஊர்மனைகளிலும் அன்னதானம் கிடைக்கும். எதுவுமே இல்லாத ஊர்ச் சனம்தான் கூடுதலாகத் தருகிறது என்பதையும் கண்டேன். ஆனால் மூன்று நேரமும் வெள்ளைச் சோறும் சர்க்கரைப் பொங்கலும் மாஸ்ரருக்கு ஆகாது. ரீச்சர் வறுத்த உழுத்தம்மாவும் புழுக்கொடியலும் கச்சானும் வைத்திருந்தார். பொங்கலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிவிட்டு மற்றவருக்குக் கொடுத்துவிடுவார்.

இனிப் பெண்கள் வாய்விட்டுக் கேட்கத் தயங்கும் விடயம். மறைவிடம் கிடைக்காது என்று பயந்து பல பெண்கள் தண்ணீர் குடிப்பதில்லை. இரண்டு நாளில் சலக்கடுப்பு வந்துவிடும். இடம்பெயர்ந்த காலத்திலும் முகாம்களிலும் இதை அனுபவித்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. தண்ணீரைக் குடியுங்கள். விடிய முன்னர் மூன்று பேராகப் போங்கள், இருவர் சீலையை விரித்துப் பிடிக்கலாம். மாதவிலக்கு நாட்களில் வேலுக்குக் கிட்டப் போகாமல் பின்னால் நடப்பது சில குழுக்களின் வழக்கம். அது உடன்பாடில்லாதவர்கள் குழுத் தலைவரிடம் முதலிலேயே கேட்டுத் தெளிவது நல்லது. இரவில் பெண்கள் சுவரோரமாக ஒன்றாகப் படுப்போம், பையின் கயிறு கையில் கட்டியிருக்கும்.

கணவன் மனைவி சேர்ந்து நடப்பது சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். மாஸ்ரர் விறுவிறென்று நடப்பவர், ரீச்சர் ஆறுதலாக நடப்பவர். முதல் நடையில் இதனாலேயே பரந்தனுக்கிடையில் இரண்டு நாள் பேச்சில்லையாம். பிறகு ஒரு ஒப்பந்தம். அவரவர் வேகத்தில் அவரவர் நடப்பது, அடுத்த தரிப்பிடத்தில் முதலில் போனவர் தண்ணீர் எடுத்து இடம் பிடித்து வைப்பது. வீட்டில் தேத்தண்ணிக் கோப்பையைக்கூடக் கழுவாத மனிதர் வழியில் இருவரின் உடுப்பையும் தோய்த்துக் கொடியில் போட்டதை நான் என் கண்ணால் பார்த்தேன். எல்லோரும் எல்லோரையும் சாமி என்று அழைப்பதும் இதற்கு உதவுகிறது. ரீச்சர் அவரை வழமையாக "இஞ்சருங்கோ" என்பவர். வழியில் "சாமி, அந்தத் துவாயையும் தோயும்" என்று சொல்ல முடிகிறது!

ஆனையிறவுக்கு அப்பால் நடந்ததை, திரும்பி வந்த பிறகு அவர்கள் வீட்டில் வைத்துக் கேட்டேன். பரந்தனிலிருந்து முல்லைத்தீவு வீதியால், தர்மபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு. 2009இல் இவர்கள் பின்னோக்கிப் பின்னோக்கித் தள்ளப்பட்ட அதே வீதி. புதுக்குடியிருப்புக்கு அப்பால் ரீச்சரின் தாயார் அந்த ஆண்டு காலமானார். கிரியை செய்ய வழியிருக்கவில்லை. முதல் நடையில் அந்தத் துண்டை மட்டும் பஸ்ஸில் கடக்கலாம் என்று மாஸ்ரர் சொல்லியிருக்கிறார். ரீச்சர் மறுத்துவிட்டார். "ஓடிக் கடந்த இடத்தை ஒருக்கா நடந்து கடக்கவேணும் எண்டு இருந்தது. அம்மாவை விட்ட இடம் மட்டுமட்டாத்தான் தெரியும். ஒரு மரத்தடியில் விளக்கு வைச்சன். குழு முழுக்க நிண்டது. ஒருதரும் ஏன் எண்டு கேக்கேல்லை. அதில பாதிப் பேருக்கு அந்தத் தெருவில ஆரோ இருக்கினம்." வட்டுவாகல் பாலத்தில் அவருக்குக் கால் ஓடவில்லையாம். முன்னால் போய்விட்ட மாஸ்ரர் திரும்பி வந்து, ஒப்பந்தத்தை மீறி, பாலம் முடியும்வரை கூடவே நடந்தார்.

இந்த இடத்தில் என் அபிப்பிராயத்தைச் சொல்லவேண்டும். எல்லாப் பெண்ணுக்கும் இது ஆறுதலாக இருக்கும் என்று சொல்லமாட்டேன். அந்த வீதியின் பெயரைக் கேட்டாலே நித்திரை குழம்பும் சகோதரிகளை எனக்குத் தெரியும். அவர்கள் வற்றாப்பளையிலோ திருகோணமலையிலோ சேர்ந்துகொள்ளலாம். வெருகல், மாமாங்கம், மண்டூர், திருக்கோவில் என்று எந்தக் கோயிலிலும் ஆட்கள் சேர்கிறார்கள். உகந்தையிலிருந்து காட்டுப் பகுதியை மட்டும் நடப்பவர்கள் ஆயிரக்கணக்கில். அந்தக் காட்டுப்பாதை கதிர்காமத் திருவிழாவை ஒட்டிக் குறிப்பிட்ட நாட்களுக்கு மட்டுமே திறக்கப்படும். திகதியை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். கூமுனை, நாவலடி, வியாழை என்று 5, 6 நாள் நடை. யானையும் கரடியும் உள்ள இடம் என்பதால் இருட்டில் நடக்கக்கூடாது, கூட்டத்தை விட்டு விலகக்கூடாது. கடை இல்லை. அரிசி, பருப்பு, மாவை உகந்தையிலேயே கட்டிக்கொள்ள வேண்டும். பொலித்தீன் பைகளைக் காட்டுக்குள் விடமாட்டார்கள், துணிப்பையில் கட்டுங்கள்.

மாணிக்க கங்கையில் இறங்கியபோது என்ன நினைத்தீர்கள் என்று ரீச்சரிடம் கேட்டேன். செட்டிகுளத்தில் மனிக் பாம் முகாமில் ஒரு வாளித் தண்ணீருக்கு வரிசையில் நின்றவர் அவர். "ரெண்டு மாணிக்கத்தையும் பார்த்திட்டன், பிள்ளை. இதில தண்ணி கிடக்கு" என்றார்.

திரும்பும்போது யாரும் நடப்பதில்லை, பஸ்தான். வந்து சேர்ந்த முதல் கிழமை ஆறுதலாக இருக்கவேண்டும், கிளினிக்குக்குப் போய்ச் சீனியும் பிறஷரும் பார்க்கவேண்டும். மாஸ்ரருக்குச் சீனி குறைந்திருந்தது. கோழியில் இரண்டைக் கீரி பிடித்துவிட்டது.

எமது குழுவின் மூன்று அக்காமாரில் இருவர் அடுத்த நடைக்குப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். ஒருவர் வற்றாப்பளையில் சேர்வதாகச் சொல்கிறார். மற்றவருக்கு இப்போதைய கவலை, ஒன்றரை மாதம் ஆட்டுக்குக் குழை வெட்டிப் போடுவது யார் என்பது.