கட்டைவிரலில் ஓடும் பேஸ்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துத் திருவிழா மேடையானாலும் சரி, மூணாறு, குமுளி மேடையானாலும் சரி, இளையராஜா பாட்டு இல்லாமல் மெல்லிசைக் கச்சேரி நடக்காது. அந்தப் பாட்டுகளில் பேஸ் கிதார் வாசிக்கிறவர் பாடு தனி. ராஜாவின் பதிவுகளில் சசிதரன் வாசித்த பேஸைக் காதால் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும். வயலின் கூட்டத்துக்கும் தபலாவுக்கும் அடியில் ஓடுவதைப் பழகாத காது எப்படிப் பிரித்தெடுக்கும்? அதனால்தான் புதிதாக வரும் பிள்ளைகளை அமெரிக்காவின் அக்கூஸ்டிக் ப்ளூஸைக் கேட்கச் சொல்கிறேன்.

முதலில் மிஸிஸிப்பி ஜான் ஹர்ட் 1928-இல் பதிவு செய்தவை. ஒரு குரல், ஒரு கிதார், அவ்வளவுதான். மற்ற விரல்கள் மெட்டைத் தொட, கட்டைவிரல் தடித்த நரம்புகளில் மாறி மாறி நடந்துகொண்டே இருக்கும். பேஸ் கிதாரின் கடைசி நரம்பு 41 ஹெர்ட்ஸ். செல்போன் ஸ்பீக்கரில் அது எழவே எழாது. சாதாரண கிதாரின் தடித்த நரம்பு அதற்கு ஒரு ஸ்தாயி மேலே, 82 ஹெர்ட்ஸ். நல்ல ஹெட்போன் வாங்க வசதியில்லாத பிள்ளையும் ஹர்ட்டின் கட்டைவிரலைத் தொடர்ந்து போகலாம்.

ராபர்ட் ஜான்சன் 1936, 37-இல் பதிந்த 29 பாட்டுகளும் அப்படித்தான். பியானோவின் இடது கை வேலையை அவர் கிதாரில் கொண்டுவந்தார். ஒன்று மட்டும் கவனம்: பழைய இசைத்தட்டுகளின் சுருதி நம் ட்யூனரோடு ஒத்துப்போகாது. தட்டுக்கு ஏற்ப நம் நரம்பைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்துதான் நிஜமான பேஸ். மடி வாட்டர்ஸின் ‘ஃபோக் சிங்கர்’, 1964. எலக்ட்ரிக் கிதாரால் பெயர் வாங்கியவர் இதில் அக்கூஸ்டிக் எடுத்தார். கூட கிதாரில் பட்டி கை, டபுள் பேஸில் வில்லி டிக்சன். வாத்தியங்களுக்கு நடுவே எவ்வளவு இடம்! டிக்சன் எங்கே வாசிக்காமல் விடுகிறார் என்பதுகூடத் தெளிவாகக் கேட்கும்.

பாலக்காடு செம்பை நினைவு இசைக் கல்லூரிப் பக்கம் பாட்டு கற்ற பிள்ளைகளுக்கு இன்னொரு வழியும் உண்டு. ப்ளூஸ் பேஸ் அடிக்கடி போகும் பாதை: ச க ப த நி த ப க. அந்தர காந்தாரம், சதுஸ்ருதி தைவதம், கைசிகி நிஷாதம், எல்லாம் ஹரிகாம்போஜியின் ஸ்வரங்களே. கிதாரைத் தொடுமுன் இதைப் பாடிப் பழகினால் விரல் தானாகப் போகும்.

பேஸ் அந்தர காந்தாரத்தில் நிற்கும்போது, மேலே பாடுபவர் சாதாரண காந்தாரத்தை இழுப்பார். சில சமயம் இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்பார். நம் காதுக்கு அது அபஸ்வரமாகப் படும். உடனே பிள்ளைகள் பேஸைக் குரலுக்கு இறக்கிவிடப் பார்ப்பார்கள். கூடவே கூடாது. பாட்டின் வலி அந்த உரசலில்தான் இருக்கிறது. பாடகர் எவ்வளவு இழுத்தாலும் டிக்சன் தன் இடத்தைவிட்டு அசைவதில்லை.