பல்பு மங்கினால் செட் பிழைக்கும்

பழைய ஹோம் தியேட்டர் ரிசீவரைக் கையில் தூக்கினாலே அதன் சங்கதி பாதி தெரிந்துவிடும். பத்து கிலோவுக்குக் குறையாத கனம். அந்தக் கனத்தில் பெரும்பங்கு உள்ளே இருக்கும் டிரான்ஸ்பார்மருக்கும், அலுமினிய ஹீட் சிங்குக்கும் உரியது. செம்புக் கம்பியும் இரும்புத் தகடும் அலுமினியமும் இருபது வருடத்தில் கெட்டுப்போகிற பொருள்கள் அல்ல. ஆனாலும் அந்தப் பெட்டி இன்று பரணில் கிடக்கிறது. அல்லது பழைய இரும்புக் கடைத் தராசில் ஏறுகிறது.

திருப்பத்தூரிலிருந்து சிவகங்கை போகும் வழியில் இருக்கிறது திருக்கோஷ்டியூர். இராமானுசர் கோயில் மேலேறி நின்று எட்டெழுத்து மந்திரத்தை எல்லாருக்கும் கேட்கச் சொன்ன ஊர் என்று வைணவர்களுக்குத் தெரியும். மாசித் தெப்பத்துக்குக் கூட்டம் கூடும் ஊர் என்று சுற்றுவட்டாரத்துக்குத் தெரியும். இங்கும், பக்கத்துத் திருப்பத்தூர், சிங்கம்புணரி, காரைக்குடிப் பகுதிகளிலும் சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா என்று பிழைக்கப் போனவர்கள் நிறைய. 2000-களில் அவர்கள் விடுமுறைக்கு வரும்போது பெட்ஷீட் சுற்றிக் கொண்டுவந்த பொருள்களில் யமஹா, டெனான், ஓன்கியோ, சோனி ரிசீவர்களும் உண்டு.

அந்த ஆசைக்கு ஒரு காரணம் தியேட்டர். 1995-இல் ‘குருதிப்புனல்’ டால்பி ஒலியோடு வந்தது. அடுத்த ஆண்டு ‘கருப்பு ரோஜா’ டி.டி.எஸ். ஒலியோடு வந்தது. முதுகுக்குப் பின்னால் கதவு திறக்கும் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்த ரசிகனுக்கு, அதே சத்தம் வீட்டுக்குள்ளும் வேண்டும் என்று தோன்றியது இயல்புதான். ஒலியை வீட்டுக்கு வாங்கி வரும் பழக்கம் இந்த மண்ணுக்குப் புதிதும் அல்ல. ஏவி. மெய்யப்பச் செட்டியாரின் குடும்பம் காரைக்குடியில் கிராமபோன் ரெக்கார்டு விற்ற குடும்பம். 1947-இல் வெளியான ‘நாம் இருவர்’ காரைக்குடியில் அவர் போட்ட ஸ்டூடியோவில்தான் எடுக்கப்பட்டது. ஏவி.எம். சென்னை வடபழனிக்குப் போனது அதற்குப் பிறகு.

சரி, பெட்டிக்கு வருவோம்.

“அண்ணே, ஆன் பண்ணுனா லைட்டு எரியுது. அஞ்சு செகண்டுல தானா ஆப் ஆயிருது.”

“ரிலே டிக்குனு அடிக்குதா?”

“இல்லண்ணே.”

“திரும்பத் திரும்ப ஆன் பண்ணாத தம்பி. அப்படியே கொண்டா.”

இந்த வட்டாரத்து ரேடியோ கடைகளில் இப்படித்தான் ஒரு ரிசீவரின் வைத்தியம் தொடங்கும். மெக்கானிக் கேட்ட கேள்வியில் விஷயம் இருக்கிறது. ரிசீவரை ஆன் செய்ததும் அது நேராக ஸ்பீக்கருக்குக் கரண்ட் கொடுக்காது. ஸ்பீக்கருக்குப் போகும் வழியில் நேர்மின்சாரம் ஏறியிருக்கிறதா, அளவுக்கு மீறிக் கரண்ட் இழுக்கிறதா, சூடு ஏறியிருக்கிறதா என்று தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும். எல்லாம் ஒழுங்கு என்றால்தான் ரிலே ‘டிக்’ என்று அடித்து ஸ்பீக்கரை இணைக்கும். ஏதாவது கோளாறு என்றால் செட் தன்னையே அணைத்துக்கொள்ளும். இதை ‘ப்ரொடெக்ஷன் போகுது’ என்பார்கள். வீட்டில் உள்ளவர்கள் இதைத்தான் ‘செட் செத்துப்போச்சு’ என்கிறார்கள். உண்மையில் செட் ஸ்பீக்கரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. சுவிட்சை மறுபடி மறுபடி தட்டுவது, அந்தக் காவலை உடைக்கிற வேலை.

கடையில் முதல் சோதனை சீரிஸ் பல்பு. 100 வாட் குண்டு பல்பு ஒன்றைச் செட்டோடு வரிசையில் மாட்டி 230 வோல்ட் கொடுப்பார்கள். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். மின்சாரத்தைப் பல்பே வாங்கிக்கொள்வதால் செட்டில் மேற்கொண்டு எதுவும் கருகாது. நல்ல செட் என்றால் பில்டர் கண்டன்சர்கள் நிரம்பும் வரை பல்பு பளிச்சென்று எரிந்து, பிறகு மங்கி, இழை மட்டும் சிவப்பாகத் தெரியும். எல்.இ.டி. பல்பு இந்த வேலைக்கு ஆகாது. அதனால் பல கடைகளில் பழைய குண்டு பல்புகளைப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறார்கள்.

மூடியைக் கழற்றினால் முதலில் தெரிவது தூசி. அடுத்து, பல நேரங்களில், காய்ந்துபோன பல்லி. ரிசீவரின் மேல்மூடியில் காற்றுப் போக வெட்டியிருக்கும் துளைகள் வழியாகச் சூடு தேடி உள்ளே போகும் பல்லி, இரண்டு ஈய முனைகளுக்கு நடுவே உடலை வைத்துவிட்டால் அது சாவதோடு ஒரு டிரான்சிஸ்டரையும் சேர்த்துக் கொண்டுபோகும். எறும்பு வேறு வகை. ரிலேக்குள் புகுந்து தொடுமுனைகளில் நசுங்கிக் கிடக்கும். ஒரு பக்க ஸ்பீக்கர் விட்டுவிட்டுப் பாடுவதற்கு அதுவும் ஒரு காரணம். கம்பெனிகள் வெளியிடும் சர்வீஸ் மேனுவலில் இந்த இரண்டு பிராணிகளைப் பற்றியும் ஒரு வரி இருக்காது.

சில செட்டுகள் ஊர் வந்த அன்றே போனவை. அமெரிக்காவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ட், ஜப்பானில் 100, சவுதி வீடுகளில் முன்பு 127. பின்பக்கத்தில் வோல்டேஜ் மாற்றும் சுவிட்ச் இல்லாத செட்டை நம் 230-இல் சொருகினால் கதை முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். ஆனால், பல டிரான்ஸ்பார்மர்களில் மேல்சுற்றுக் காகிதத்துக்கு அடியில் ஒரு சின்ன வெப்ப பியூஸ் இருக்கும். கம்பி கருகும் முன் அது அறுந்திருந்தால், அதே வெப்ப அளவுள்ள புதியதைப் போட்டு டிரான்ஸ்பார்மரை மீட்கலாம். பியூஸைத் தூக்கி எறிந்துவிட்டு வெறும் கம்பியால் ஜம்பர் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். வீட்டில் தீப்பிடிக்க வழிசெய்யும் வேலை அது; எந்தக் காரணத்துக்காகவும் செய்யக்கூடாது.

வயதால் வரும் நோய் கண்டன்சருக்குத்தான். உருளையான அந்த எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சருக்குள் அலுமினியத் தாளும், திரவத்தில் நனைத்த காகிதமும் சுருட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. அலுமினியத்தின் மேல் மின்வேதி முறையில் வளர்த்த ஆக்சைடு படலம்தான் மின்காப்பு. அதன் தடிமன் தலைமுடியில் நூற்றில் ஒரு பங்குகூட இராது. திரவம் வற்ற வற்ற கண்டன்சர் தளரும். மேலே 85 டிகிரி என்று அச்சிட்டிருந்தால், அந்த வெப்பத்தில் 2000 மணி நேரம் போல உழைக்கும் என்று கொள்ளலாம். வெப்பம் பத்து டிகிரி குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும். டி.வி.க்குக் கீழே கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸில், சித்திரை வெயிலில், மேலே ஒரு செட்டாப் பாக்ஸையும் சுமந்துகொண்டு இருக்கும் ரிசீவரின் கண்டன்சர் சீக்கிரம் போவது இந்தக் கணக்கால்தான்.

இந்த மின்வேதியியலுக்கென்றே நாட்டில் அமைந்த ஆய்வகம் காரைக்குடியில் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அது. அந்த வளாகத்தைத் தினமும் பஸ்ஸில் கடக்கும் மெக்கானிக்குகள் கடைக்கு வந்து பிரித்துப் பார்ப்பதும் மின்வேதிப் பொருளைத்தான். இரண்டு இடத்துக்கும் இன்னும் கொஞ்சம் போக்குவரத்து இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

கண்டன்சர் போனதைக் காதாலேயே கண்டுபிடிக்கலாம். நம் மின்சாரத்தின் துடிப்பு நொடிக்கு 50. டயோடு பாலத்தைத் தாண்டியதும் அது 100 ஆகிவிடும். பில்டர் கண்டன்சர் வற்றியிருந்தால் ஸ்பீக்கரில் கேட்கும் இரைச்சல் அந்த 100. எர்த் கோளாறாலோ, ஷீல்டு விட்டுப்போன வயராலோ வரும் ‘ம்ம்ம்’ பெரும்பாலும் அதைவிடத் தாழ்ந்த 50. அனுபவப்பட்ட மெக்கானிக், வால்யூமைச் சுழற்றும்போது இரைச்சல் கூடுகிறதா, அப்படியே நிற்கிறதா என்றும் கேட்பார். அப்படியே நின்றால் கோளாறு வால்யூமுக்குப் பிந்திய பகுதியில்.

உதிரிப் பொருளில்தான் ஏமாற்று அதிகம். பவர் டிரான்சிஸ்டர்களில் தமிழ்நாட்டு அசெம்பிள் செட்டுகளின் ராஜா தோஷிபாவின் 2எஸ்.சி.5200, 2எஸ்.ஏ.1943 ஜோடி. 230 வோல்ட், 15 ஆம்பியர் தாங்கும் பொருள். அதன் பெயர் அச்சிட்ட போலிகள் சந்தையில் தாராளம். உள்ளே இருக்கும் சிலிக்கான் துண்டு சின்னதாக இருக்கும். மெதுவாகப் பாடும்வரை தெரியாது, வால்யூம் ஏற்றினால் வெடிக்கும். சென்னை ரிச்சி தெருவுக்குப் போனாலும் பில் கொடுக்கும் கடையில் வாங்குவதே புத்திசாலித்தனம்.

இனி மாற்றம் செய்யும் கதை. 2009-க்குப் பிறகு வந்த பல ரிசீவர்களில் முதலில் சாவது எச்.டி.எம்.ஐ. போர்டு. ஓன்கியோ 2009 முதல் 2012 வரை தயாரித்த பல மாடல்களில் இந்தப் பழுது பரவலாக வந்து, கம்பெனியே வாரண்டியை நீட்டி இலவசமாகச் சரிசெய்து கொடுக்க வேண்டியதாயிற்று. 2022-இல் அதன் தாய் நிறுவனமே திவாலானது. ஆனால், அந்தப் போர்டு செத்தாலும் கனத்த டிரான்ஸ்பார்மரும் பவர் டிரான்சிஸ்டர்களும் பழுதின்றி இருக்கின்றன. மூளையை வெளியே வைத்து உடம்பை ஓட்டுவதுதான் வழி. பின்பக்கத்தில் ‘மல்ட்டி சேனல்’ என்று ஆறு ஆர்.சி.ஏ. சாக்கெட் இருந்தால் அதிர்ஷ்டம். டி.வி.டி. ஆடியோ காலத்தில் வைத்த வாசல் அது. டி.வி.யின் ஏ.ஆர்.சி. வழியாக வரும் ஒலியை வாங்கி ஆறு சேனலாகப் பிரித்துத் தரும் டிகோடர் பெட்டியை அதில் சொருகினால், பழைய ரிசீவரின் பவர் அப்படியே கிடைக்கும். ஒரு துளி ஈயம் உருக வேண்டியதில்லை. ஆப்டிகல் வாசல் வேலை செய்தால் டிகோடர்கூடத் தேவைப்படாமல் போகலாம்.

அந்தச் சாக்கெட் இல்லாத செட்டில், வால்யூம் ஐ.சி.க்கு முன்னால் சிக்னல் பாதையை வெட்டி ஷீல்டு வயர் இழுக்க வேண்டும். அது சர்க்யூட் படம் பார்க்கத் தெரிந்தவர் வேலை. 12 வோல்ட் கம்ப்யூட்டர் பேனை ஹீட் சிங்க் மேல் மெதுவாகச் சுழலவிடுவது நல்ல மாற்றம். ‘பேஸ் இன்னும் வேணும்’ என்று பில்டர் கண்டன்சரை மூன்று மடங்காக ஏற்றுவது கெட்ட மாற்றம். ஆன் செய்யும் நொடியில் பாயும் கரண்ட் டயோடையும் பவர் ரிலேயையும் தின்றுவிடும். ஒரு சேனலில் இரண்டு 8 ஓம் ஸ்பீக்கரை இணையாக மாட்டுவதும் அப்படித்தான். சுமை 4 ஓமாக இறங்கி, கல்யாண வீட்டில் பாட்டு உச்சத்துக்குப் போகும்போது செட் ப்ரொடெக்ஷனுக்குப் போகும்.

எவ்வளவு சரிசெய்தாலும், செட்டிநாட்டு வீட்டில் இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. முட்டை வெள்ளைக்கரு கலந்து மெருகேற்றிய சுண்ணாம்புச் சுவர், ஆத்தங்குடிக் கல் தரை, உயர்ந்த கூரை. பார்க்க அழகு, ஒலிக்குப் பகை. அத்தனை வழவழப்பிலும் ஒலி உறிஞ்சப்படாமல் திரும்பத் திரும்ப எதிரொலித்து, வசனம் குழையும். ஆச்சி ‘என்ன சொல்றான்னே வெளங்கல’ என்பது ரிசீவரின் குற்றம் அல்ல. தரையில் கனத்த ஜமக்காளமும், எதிர்ச் சுவரில் திரையும், நடு ஸ்பீக்கர் உட்கார்ந்தவரின் காது உயரத்திலும் இருந்தால் புது ஆம்ப்ளிபயர் வாங்கியதைவிடப் பெரிய வித்தியாசம் தெரியும்.

மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் பழுதுநீக்கும் உரிமைக்காக ஒரு இணைய வாசலைத் திறந்தது. நல்ல தொடக்கம். இருபது வருடத்துக்கு முந்தைய ரிசீவரின் சர்க்யூட் படத்தைக் கம்பெனிகள் எல்லாருக்கும் பொதுவில் வைத்தால் அவர்களுக்கு எந்த நஷ்டமும் இல்லை; சின்ன ஊர் மெக்கானிக்குக்கு அரை நாள் மிச்சம்.

மீட்க முடியாத செட்டும் உண்டு. மெயின் பிராசசரே போய், மாற்றும் கிடைக்காதபோது நல்ல மெக்கானிக் அதை ஒளிக்காமல் சொல்லிவிடுவார். அப்போதும் டிரான்ஸ்பார்மரையும் ஹீட் சிங்கையும் எடைக்குப் போடுவதில்லை. டிரான்ஸ்பார்மரின் ஏசி வோல்டேஜை அளந்து, அதைத் தாங்கும் 5200–1943 போர்டு ஒன்றை வாங்கி, இரண்டு சேனல் ஸ்டீரியோ ஆம்ப்ளிபயராகத் தகரப் பெட்டியில் பூட்டுவார்கள். முதல் ஆன், அதே சீரிஸ் பல்பு வழியாக. பல்பு மங்கியதும் ஸ்பீக்கர் முனையில் மீட்டர் வைத்து, நேர்மின்சாரம் சில பத்து மில்லிவோல்ட்டுக்குள் இருக்கிறதா என்று பார்த்து, கடையில் கிடக்கும் பழைய ஸ்பீக்கரில் முதல் பாட்டைப் போட்டுக் கேட்ட பிறகே, சொந்தக்காரரின் நல்ல ஸ்பீக்கரை மாட்டுவார்கள்.