இரண்டாம் வரிசைச் சிப்பாய்கள்

இராணுவ முகாமைக் களமாகக் கொண்ட தொலைக்காட்சி ஹாஸ்ய நாடகங்களை நாம் நெடுங்காலம் வெறுத்தே வந்தோம். சீருடையைக் கண்டதும் சிரிப்பு வரக்கூடிய சூழலில் நாம் வளரவில்லை. சோதனைச் சாவடியிலே அடையாள அட்டையை நீட்டியவாறு வெயிலில் நின்ற நமக்கு, துப்பாக்கி ஏந்தியவனின் அசட்டுத்தனத்திலே என்ன சுவை இருக்க முடியும்? ஆயினும் நண்பர் ஒருவரின் வற்புறுத்தலுக்கிணங்கி, அமெரிக்காவின் சீ. பீ. எஸ். நிறுவனம் 1965 முதல் 1971 வரை ஒளிபரப்பிய ‘ஹோகன்ஸ் ஹீரோஸ்’ என்னும் பழைய தொடரைச் சில ஆண்டுகளுக்கு முன் இரவு இரவாகப் பார்த்தோம். மொத்தம் 168 அங்கங்கள். சிரித்தோம் என்பதை மறைப்பதற்கில்லை.

கதை எளிது. இரண்டாம் உலக மகாயுத்தக் காலத்து ஜேர்மன் முகாம் ஒன்றிலே அடைபட்டுள்ள நேசநாட்டுப் போர்க்கைதிகள், நிலத்தடியிற் சுரங்கம் அமைத்து நாஸிகளுக்கெதிரான நாசவேலைகளை நடத்துகின்றனர். முகாமின் தலைவன் கேணல் கிளிங்க் தற்பெருமை மிக்க மூடன். காவலாளி சார்ஜன்ட் ஷூல்ட்ஸ், நல்ல உணவு கிடைத்தாற் கண்ணை மூடிக்கொள்ளும் பருத்த மனிதன். கதாநாயகன் ஹோகனாக வந்த பொப் கிரேன் அழகாகச் சிரிப்பார்; சுறுசுறுப்பாக நடப்பார். அவரைப் பற்றி இதற்குமேற் கூற நமக்கு எதுவுமில்லை. நாடகத்தைத் தாங்கி நின்றவர்கள் அவருக்கு அடுத்த வரிசையில் நின்றவர்களே.

கோடிக்கணக்கானோர் மாண்ட காலத்தைக் கேலிப்பொருளாக்குவதா என்ற கண்டனம் அத்தொடர் வெளிவந்த காலத்திலேயே எழுந்தது. அக்கண்டனத்தில் நியாயமுண்டு என்றே நாமும் கருதியிருந்தோம். நாஸியை முட்டாளாகக் காட்டிவிட்டால் அவன் இழைத்த கொடுமை சிறுத்துப்போகாதா? அந்த வேடங்களைத் தரித்தவர்கள் யாரென்று அறிந்தபோது நம் எண்ணம் முற்றாக மாறிவிட்டது என்று சொல்லமாட்டோம், ஆனால் ஆட்டங்கண்டது.

கிளிங்காக நடித்த வேர்னர் கிளெம்பெரர், புகழ்பெற்ற இசைநெறியாளர் ஒட்டோ கிளெம்பெரரின் மைந்தர். யூதராகப் பிறந்த தந்தையின் குடும்பம் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின் ஜேர்மனியை விட்டு வெளியேற நேர்ந்தது. கிளிங்க் ஒருபோதும் வெற்றிபெறக் கூடாது என்ற நிபந்தனையின் பேரிலேயே அவ்வேடத்தை அவர் ஏற்றார். துணை நடிகருக்கான எம்மி விருது இருமுறை அவருக்குக் கிடைத்தது. ஷூல்ட்ஸாக வந்த ஜோன் பானரும் யூதர். 1938இல் ஒஸ்திரியாவை ஹிட்லர் விழுங்கியபோது அவர் சுவிற்சர்லாந்தில் நாடகக் குழுவொன்றுடன் இருந்தார், அதனாற் பிழைத்தார். அவருடைய குடும்பத்தினர் வதைமுகாம்களில் மாண்டனர். அமெரிக்கா சென்ற புதிதில் ஆங்கிலம் அறியாத அவர், வசனங்களை வெறும் ஒலிகளாக மனனஞ் செய்தே மேடையேறினார். ஜெனரல் பேர்க்ஹால்ற்றராக வந்து கிளிங்கை நடுங்கவைத்த லியோன் அஸ்கின் வியன்னாவிற் பிறந்த யூதர். அவருடைய பெற்றோர் திரெப்லிங்கா முகாமிலே கொல்லப்பட்டனர். கெஸ்ராப்போ அதிகாரியாகக் கத்திக் குழறிய ஹவார்ட் கெய்னும் யூதரே. இன்னுமொன்று. 1961இல் வெளிவந்த ‘ஒப்பரேஷன் ஐக்மன்’ என்ற திரைப்படத்திலே ஐக்மனாக நடித்தவர் இதே கிளெம்பெரர். அவுஷ்விற்ஸ் முகாமின் தலைவன் ஹொஸ்ஸாக நடித்தவர் இதே பானர். அப்படத்திற் சிரிப்புக்கு இடமில்லை. நாலாண்டுகளின் பின் அவ்விருவரும் ஜேர்மன் சீருடையை மீண்டும் அணிந்துகொண்டு உலகத்தைச் சிரிக்கவைத்தனர்.

ஷூல்ட்ஸின் வாயில் அடிக்கடி வரும் வசனமொன்றுண்டு: ‘எனக்கு ஒன்றும் தெரியாது!’ கண்முன்னே கைதி சுரங்கத்துள் இறங்குவான். இவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு அவ்வசனத்தைக் கூவுவான். கண்டதை ஒப்புக்கொண்டால் ரஷ்யப் போர்முனைக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற அச்சம். எக்காலத்திலும் மனிதரிடம் எஞ்சியிருக்கும் ஏதோவொரு நன்மையின் பிரதிநிதியாகவே ஷூல்ட்ஸைத் தாம் காண்பதாகப் பானர் கூறியதுண்டு. இதை ஏற்க நாம் தயங்குகிறோம். யுத்தம் முடிந்தபின் எத்தனையோ ஜேர்மானியர் சொன்ன வார்த்தையும் இதுவேயல்லவா?

தயக்கத்துக்கு வேறொரு காரணமும் உண்டு. யுத்த காலத்தில் ஒருநாள், பக்கத்து வீட்டு இளைஞனைத் தேடி வந்தவர்கள் நம் படலையைத் தட்டினார்கள். அவனைக் கண்டோமா என்று கேட்டார்கள். கண்டிருந்தோம், தெரியாது என்றோம். அன்று அவன் தப்பினான். இரண்டொரு மாதங்களின் பின் அவனைக் கொண்டுபோய்விட்டார்கள். வாகனம் எந்தப் பக்கம் போனதென்று கேட்டு அவனுடைய தாய் அதே படலையில் வந்து நின்றாள். அதையும் கண்டிருந்தோம். அவளுக்கும் தெரியாது என்றே சொன்னோம். ஷூல்ட்ஸ் அவ்வசனத்தைக் கூவும்போதெல்லாம், இது எந்தப் படலையிற் சொன்னது என்று நம் மனம் கேட்கிறது. அந்தப் பருத்த உடம்பும் மிரண்ட கண்களும் ஒரேவேளையில் இரண்டையும் சொல்கின்றன. இது பானருடைய நடிப்பின் வலிமை.

இந்த அனுபவத்தின் பின் பிற தொடர்களையும் தேடிப் பார்த்தோம். பீ. பீ. சீ. 1968 முதல் 1977 வரை வழங்கிய ‘டாட்ஸ் ஆர்மி’ ஆங்கிலக் கடற்கரை ஊரொன்றின் ஊர்காவற் படையைப் பற்றியது. கிழட்டுக் கோப்ரல் ஜோன்ஸாகத் தள்ளாடிய கிளைவ் டன் அப்போது ஐம்பதைக்கூட எட்டாதவர். 1941இற் கிரேக்கத்திலே பிடிபட்டு நாலாண்டுகள் போர்க்கைதியாகக் கிடந்தவர். சூடானியரைத் துப்பாக்கிச் சனியனாற் குத்திய பழம்பெருமையை ஜோன்ஸ் வாய்க்கு வாய் பேசுவான். ஆங்கிலேயருக்கு அது பகிடி. குடியேற்ற ஆட்சியின் கீழிருந்தவர்களின் பிள்ளைகளான நமக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அதே அணியில் ஓரமாக நிற்கும் முதியவர் கொட்பிறீ நம் நெஞ்சைக் கவர்ந்தார். 1969இல் வந்த அங்கமொன்றில், முதல் மகாயுத்தத்திலே கொல்ல மறுத்தவர் இவர் என்பது வெளிப்பட, தோழர்கள் முகங்கொடுத்துப் பேசவும் மறுக்கின்றனர். காயம்பட்டோரைச் சுமந்து உயிர்காத்தமைக்காக இவர் பெற்ற பதக்கம் பின்னரே தெரியவருகின்றது. இவ்வேடத்தில் நடித்த ஆர்னோல்ட் ரிட்லி, 1916இல் சொம் போர்க்களத்திலே குத்துப்பட்டு இடக்கை ஊனமானவர். போரிட்டுக் காயப்பட்ட கிழவரே போரிட மறுத்தவனின் மானத்தைக் காத்து நடிக்கிறார். அந்த மென்மையான குரலில் ஓரிடத்திலும் மிகையில்லை.

‘மாஷ்’ தொடரைப் பலர் போற்றுவர். மூன்றாண்டு நடந்த கொரிய யுத்தத்தைப் பதினொரு ஆண்டுகள், 1972 முதல் 1983 வரை, நடத்திக் காட்டிய தொடர் அது. பெண்ணுடை தரித்து இராணுவத்திலிருந்து தப்ப முயலும் கிளிங்கராக ஜேமி பார் ஒரேயொரு அங்கத்துக்கென அழைக்கப்பட்டு இறுதிவரை நிலைத்துவிட்டார். நல்ல நடிகர். எனினும் கொரியர் எங்கே? வேலைக்காரராக, நோயாளராக, அகதிகளாகப் பின்னணியில் வந்து போகின்றனர். இறுதி அங்கத்திற் கிளிங்கர் மணக்கும் கொரியப் பெண்ணாகத் தோன்றியவரும் சீன வழிவந்த அமெரிக்க நடிகை றொசலின்ட் சாவோ. யுத்தம் நடந்த நாட்டவருக்குத் துணைப் பாத்திரமும் அரிதாகவே கிட்டியது.

ஹோகனின் கூட்டத்திலும் இவ்வரிசைக் கணக்கு இருந்தது. வானொலிக் கருவியை இயக்கும் கறுப்பினச் சார்ஜன்டாக வந்த ஐவன் டிக்சன், 1964இல் ‘நதிங் பட் எ மேன்’ படத்தில் கதாநாயகனாக நடித்த பெருங்கலைஞர். இங்கே அவருக்குக் கிடைத்தவை இரண்டொரு வரிகள். இறுதிப் பருவத்துக்கு முன்னரே விலகிச் சென்றுவிட்டார். அதற்காக அவரை நாம் மதிக்கிறோம்.

இனி லெபோ. பிரெஞ்சுக் கோப்ரலாக, சமையற்காரனாக வரும் சிறிய உருவம். நடித்தவர் றொபேட் கிளாரி. பாரிஸ் நகரில் யூதக் குடும்பத்தின் பதினாலு பிள்ளைகளுட் கடைசியாகப் பிறந்தவர். 1942இல் தம் பதினாறாவது வயதில் நாடுகடத்தப்பட்டார். பெற்றோர் உட்படக் குடும்பத்தினர் பன்னிருவர் மாண்டனர். கையிலே ஏ-5714 என்ற இலக்கம் பச்சை குத்தப்பட்டது. புக்கன்வால்ட் முகாமில் எஸ். எஸ். படையினர் முன் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பாடினார். 1945 ஏப்ரல் 11ஆந் திகதி விடுதலையானார். நெடுங்காலம் இவை பற்றி வாய்திறவாதிருந்தவர், 1980 முதல் பாடசாலை பாடசாலையாகச் சென்று பேசலானார். தெரியாது என்று சொல்லும் உரிமை தமக்கில்லை என அவர் கருதியிருக்க வேண்டும். 2022 நவம்பரில், 96ஆவது வயதில், ஆரம்ப நடிகர் குழுவின் கடைசி மனிதராக அவர் மறைந்தார். அச்செய்தியை வாசித்த இரவு, கிளிங்கின் விருந்தாளிகளுக்காக லெபோ விருந்து சமைக்கும் அங்கமொன்றை மீண்டும் போட்டுப் பார்த்தோம். அடுப்படியில் அவர் கரண்டியைச் சுழற்றிக்கொண்டு நிற்கிறார். வாசலில் ஷூல்ட்ஸ் மணம் பிடித்தபடி வருகிறான்.